பதினான்காவது தாள்

எங்கள் மாவட்டத்துச் சித்திர ஆசிரியர்கள் தங்கள் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். பழைய மேதைகளின் படங்களைப் பார்த்து வரைந்து முகம் பழகுவது இந்தக் காலத்துக்குத் தேவையா என்பது அவர்களின் கேள்வி. பிள்ளைகள் கைபேசித் திரையின் மேல் தாளை வைத்து ஒரு முகத்தை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்களாம். கரியையும் செங்காவியையும் விரலில் அப்பிக்கொண்டு ஆறு கிழமை ஒரே தலையோடு மல்லுக்கட்ட யார் வருவார்கள் என்று கேட்கிறார்கள்.

தேவைதான் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படித்தான் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. அப்படிப் பழகியவன் செய்த ஒரு பிழையையும் எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். எனக்கு எழுபத்தாறு வயது. ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, மற்றதற்கு நாள் தந்திருக்கிறார்கள். இதைத் தள்ளிப்போட இனி எனக்குத் தெம்பில்லை.

எங்கள் துறைமுக நகரத்தில், ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இருந்த ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில் நாற்பத்தொரு வருடம் வேலை செய்தேன். முன்னறையில் புகைப்படம் பிடிப்பார்கள். பின்னறையில் நாங்கள் சின்னப் படங்களைப் பார்த்துப் பெரிய முகங்கள் வரைவோம். ஓய்வுபெறும் அதிபர், கலியாண சோடி, வெளிநாடு போன மகன் என்று எல்லாரும் வருவார்கள். ஆனால் பாதிக்கு மேல் செத்தவர்கள்தான். செத்த முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு முன் படம் சுவரில் ஏற வேண்டும். செத்தவர் படமென்றால் தலைக்கு மேல் நான்கு விரல் இடம் கூடுதலாக விடுவோம், மாலை முகத்தை மறைக்காமலிருக்க. உயிரோடிருப்பவருக்கு அந்த இடத்தை விடமாட்டோம். தாளைப் பார்த்தே எது எந்த வகை என்று எங்களுக்குத் தெரியும்.

ஸ்டூடியோ மரியநாயகம் மாஸ்டருடையது. எப்போதும் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். நாள் முழுக்கக் கரியில் வேலை செய்தாலும் அதில் ஒரு பொட்டுக்கூட நான் கண்டதில்லை. நான் உயர்தரம் சித்தியடைந்து, வேலை கிடைக்காமல், சித்திரம் ஓரளவு வரும் என்ற ஒரே தகுதியோடு இருபத்திரண்டு வயதில் அவரிடம் போனேன். என் படங்களை அவர் பார்க்கவேயில்லை. ஒரு பிஸ்கட் தகரத்தைத் திறந்து மேசையில் வைத்தார். அதற்குள் முப்பத்திரண்டு தாள்கள். துறைமுகத்தை விட்டு ஆங்கிலேயர் போனபோது யாரோ ஒரு கடற்படை அதிகாரி விட்டுப்போன புத்தகம் அது. கட்டு உதிர்ந்து, யார் வரைந்தது என்று சொல்லும் பக்கங்களெல்லாம் தொலைந்து, வெறும் படங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. கிழவர்கள், பெண்கள், ஒரு குழந்தை, இளைஞர்கள் சிலர். கரி, பாஸ்டல், செங்காவி. மாஸ்டர் பென்சிலால் இலக்கம் போட்டிருந்தார்.

"இதெல்லாம் ஆர் கீறினது மாஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உமக்கு அது என்னத்துக்கு? இவையளுக்கு உம்மடை பேர் தெரியுமே? மூக்கைப் பாரும்."

இரண்டரை வருடம் மூக்கைப் பார்த்தேன். அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. முறையை மட்டும் சொல்கிறேன், இன்றைய ஆசிரியர்களுக்கு உதவலாம்.

மாஸ்டர் கட்டம் போட விடமாட்டார். தூண்டில் நூலில் ஈயக்குண்டு ஒன்றைக் கட்டித் தருவார். அதை அசலுக்கு முன்னால் தொங்கவிட்டு, கண்ணின் உள்மூலைக்கு நேர் கீழே எது வருகிறது, மூக்கின் ஓரமா, வாயின் முனையா என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் கரியைத் தொடலாம். கரியும் அவர் சுட்டதுதான். பூவரசங்குச்சியைச் சீவி, பால்மா தகரத்தில் அடைத்து, மூடியில் ஒரு துளை போட்டு அடுப்பில் வைப்பார். அழிப்பதற்கு முதல்நாள் சுட்ட பாண். அன்றைய பாண் தாளில் ஒட்டும், மூன்றாம் நாள் பாண் உதிரும். கரையை நீக்கி நடுவை எடுத்து விரலால் பிசைந்து ஒற்ற வேண்டும், தேய்க்கக்கூடாது. பாஸ்டலில் நிறங்களைக் குழப்ப விடமாட்டார். ஒன்றுக்குப் பக்கத்தில் மற்றதை வைத்துவிட்டு எட்டிப்போய் நின்று பார்க்கச் சொல்லுவார்.

செங்காவிதான் கடைசி. இறக்குமதி நின்றிருந்த காலம் அது. காவிக்கல்லை மாவாக அரைத்து, பிசின் தண்ணீரில் குழைத்து, பப்பாசி இலைத்தண்டின் துளைக்குள் அடைத்து நிழலில் காயவைத்துத் தானே கட்டி செய்தார். செங்காவி தோலின் நிறத்துக்குக் கிட்ட வரும். வைத்த இடத்தில் சூடு தெரியும். ஆனால் அழியாது. பாணால் ஒற்றினால் இளஞ்சிவப்பாகப் பரவி நிற்கும். அதனால் கோட்டை முதலில் கண்ணால் போட்டு முடித்துவிட்டுத்தான் கையால் போட வேண்டும்.

ஒரு படம் முடிந்ததும் மாஸ்டர் அசலின் மேல் ஒற்றுத்தாளை வைத்து மூடிவிடுவார். "மேலுதட்டு நிழல் எங்க முடியுது?" என்பார். "இடது கண்ணிமை தடிப்போ மெல்லிசோ?" தயங்கினால் மறுபடி முதலிலிருந்து. பாராட்டியதேயில்லை. பின்னால் வந்து நிற்பார், மூச்சுக்கூடக் கேட்காது. ஒரு "ம்" சொன்னால் அடுத்த தாளுக்குப் போகலாம்.

பதினான்காவது தாளுக்கு அந்த "ம்" வரவில்லை. செங்காவியில் வரைந்த ஒரு இளைஞனின் தலை. இடது பக்கம் சற்றுக் குனிந்து எதையோ பார்க்கிறான். புருவத்திலிருந்து நேராக இறங்கும் நீளமான மூக்கு. கீழுதட்டுக்கடியில் ஒரு சின்ன நிழல், அதுதான் அந்த முகத்தின் உயிர். முப்பது தடவைக்கு மேல் வரைந்தேன். கடைசியில் மூடிய தாளுக்கு முன்னால் இருந்து முழுத் தலையையும் இருபது நிமிடத்தில் போட்டேன். மாஸ்டர் "ம்" என்றார். அந்தப் பிரதியை ஜமால் நானா பிரேம் போட்டார். கிண்ணியாவிலிருந்து வந்து, எங்களுக்குப் பக்கத்துக் கடையில் மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்தவர். மாதிரிப் படமாக அது முன்னறைச் சுவரில் ஏறியது.

பிறகு வாடிக்கையாளர்களின் படங்களை என்னிடம் தரத் தொடங்கினார். ஒரு மாதம் போயிருக்கும். சுங்கத்தில் வேலை செய்து இறந்த இலிகிதர் ஒருவரின் படம். மங்கிப்போன சின்னப் புகைப்படம், கண்ணும் காதும் தவிர ஒன்றும் துலக்கமில்லை. வரைந்து முடித்துக் காட்டினேன். மாஸ்டர் கன நேரம் பார்த்தார்.

"இவருக்கு இந்த மூக்கை ஆர் குடுத்தது?"

"மாஸ்டர், படம் மங்கல்..."

"மங்கலெண்டா மனுசன்ர வீட்டை போம். தமையன் இருப்பார், மகள் இருப்பா, அவையின்ர மூக்கைப் பாரும். பதினாலைக் கொண்டந்து ஒட்டாதையும்."

தானே பாணை எடுத்து மூக்கை ஒற்றி எடுத்தார். அதோடு விடவில்லை. சனிக்கிழமை தோறும் இறங்குதுறைக்குப் போய், மூதூர் லோஞ்சில் வந்து இறங்குகிறவர்களின் மூக்குகளை வரைந்துவரச் சொன்னார். மூக்கு மட்டும். ஒரு சனிக்கு முப்பது. ஒன்றைப்போல் மற்றது இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழிப்பார்.

லோஞ்சை விட்டு இறங்கிய ஒரு மூதூர்ப் பெண், தலையில் கூடையோடு என் கொப்பியை எட்டிப் பார்த்தாள். "தம்பி, என்ட மூக்க மட்டும் கீறி வெச்சிட்டு மிச்சத்த ஆருக்குக் குடுக்கப் போறீங்க?" என்றாள். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த சனி அவளே, "மூக்குக்காரத் தம்பி நிக்கிறாரு, வடிவா மூக்கச் சீறிட்டு இறங்குங்க" என்று படகுக்குள் சத்தம் போட்டாள்.

இப்போது யோசித்தால் என் தொழிலில் நான் நேர்மையாக இருந்த காலம் அந்தச் சனிக்கிழமைகள்தான். ஏழெட்டு வருடம் போனேன். பிறகு சண்டை தொடங்கி நாடு கெட்டது. துறைமுகப் பக்கம் கையில் கொப்பியோடு இருப்பவனைக் காவலில் நிற்பவர்கள் சும்மா விடுவார்களா? ஒருநாள் பிடித்துக்கொண்டு போய் அரைநாள் வைத்திருந்தார்கள். மாஸ்டர் அதே வெள்ளைச் சட்டையோடு வந்தார். கப்பல்களை வரைந்திருப்பேன் என்று நினைத்து ஓர் அதிகாரி கொப்பியை விரித்தார். மூக்கு. அடுத்த பக்கமும் மூக்கு. இருபது பக்கம் புரட்டிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொப்பியைத் தந்து, இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார். நான் போகவில்லை. சில வருடங்களில் மாஸ்டரும் காலமானார். என் படங்களைப் பார்த்து இந்த மூக்கை யார் கொடுத்தது என்று கேட்க அதன் பிறகு ஆளில்லை.

அந்தக் காலத்தில் எங்களிடம் வந்தவை அடையாள அட்டைப் படங்கள். விரல்நகமளவு முகம், வெளிறிய வெளிச்சம், மூக்குக்கு நிழலே இராது. வீடுகளுக்குப் போய் விசாரிக்க முடியாத நாட்கள். தெரியாத இடத்தை நான் தெரிந்த தாள்களால் நிரப்பினேன். ஒன்பதின் கன்னம், இருபத்திரண்டின் நெற்றி, பதினான்கின் தாடை. சனம் குறை சொல்லவில்லை. "உயிரோட இருக்கேக்கயும் இவ்வளவு வடிவில்லை" என்று அழுதுகொண்டே வாங்கிப் போனார்கள். என் கை சுத்தம் என்று பெயர் வந்தது, என்னையும் மாஸ்டர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நானும் நம்பினேன்.

சண்டையில் சம்பூர்ச் சனம் ஊரை விட்டு ஓடி ஒன்றரை வருடம் இருக்கும், பூமணி வந்தாள். லிங்கநகரில் தமக்கையின் வீட்டுச் சாய்ப்புப் பத்தியில் இருந்தாள். நாற்பத்தைந்து வயது, ஆனால் அதைவிடக் கூடத் தெரியும். பத்து வயது மகள் சுதா பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் தயாபரன் பத்தொன்பது வயது, ஓடிய அன்று சனத்துக்குள் பிரிந்தவன் திரும்பவில்லை. படங்களெல்லாம் வீட்டு ட்ரங்குப் பெட்டியோடு போய்விட்டன. அடையாள அட்டை அவன் சட்டைப்பையில். படித்த பள்ளிக்கூடமும் இடிந்து, அங்கே படம் தேடவும் வழியில்லை.

"மாலை போடுற படம் இல்லை மாஸ்டர்" என்றாள் முதல் வசனமாக. "உயிரோட இருக்கிறவன்ர படம். தேடுறதுக்கு. போற இடமெல்லாம் படம் எங்க, படம் எங்க எண்டு கேக்கினம். வாயால சொல்லி ஒருத்தருக்கும் விளங்குதில்லை. நீங்கள் கீறித் தந்தாக் காட்டலாம்."

படமில்லாமல் வரைய ஏலாது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் கையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒவ்வொரு புதன்கிழமையும் வந்தாள். முதல் கிழமைகளில் நான் நன்றாகத்தான் வேலை செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். நெற்றி எவ்வளவு என்று கேட்டேன். மகளின் நெற்றியில் கையை வைத்து, "எண்ணெய் வைக்கேக்க என்ர நாலு விரலும் அடங்கும்" என்றாள். அவள் விரல்களை அளந்தேன். கண்கள் தகப்பனுடையவை என்றாள், ஆனால் தகப்பனைப்போல் உள்ளே போனவையல்ல. சிரித்தால் வாய் ஒரு பக்கம் முந்தும். நான் கரியில் போடுவேன். "கொஞ்சம் அகலம்" என்பாள், ஒற்றி எடுப்பேன். "இல்லை, முந்தினதுதான் சரி" என்பாள், திரும்பப் போடுவேன். மேசையில் மிஞ்சும் பாண் கரையைச் சுதா தின்பாள்.

எட்டுப் புதன்கிழமை. எட்டுத் தாள். ஒன்றும் தயாபரன் இல்லை. பூமணிக்கே முகம் குழம்பத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. நான் போடும் ஒவ்வொரு பிழையான கண்ணும் அவளுக்குள் இருந்த கண்ணை அழித்துக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டிய இரண்டாவது இடம் அது. அங்கேயும் நிறுத்தவில்லை.

ஒன்பதாம் புதன் நான் அலுத்துப்போயிருந்தேன். காலையில் மூன்று படங்கள் முடித்துக் கொடுத்திருந்தேன். கரியை வைத்துவிட்டுச் செங்காவியை எடுத்தேன். நிறத்தை மாற்றினால் கண்ணுக்குப் புதிதாக இருக்கும் என்று நினைத்ததாகப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. கை புருவத்தில் தொடங்கி நேராக மூக்கு வழியே இறங்கியது. நிற்கவில்லை, தடுமாறவில்லை. எட்டுக் கிழமைக்குப் பிறகு ஒரு கோடு தானாக வந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோசம். கீழுதட்டின் அடியில் அந்தச் சின்ன நிழலை வைத்தபோதுதான் என்ன வரைந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

பதினான்கு. செங்காவி, அழியாது. தாளைக் கிழித்தால்தான் உண்டு.

நிமிர்ந்தேன். பூமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஓம்" என்றாள். "ஓம் மாஸ்டர். இவன்தான். என்ர பிள்ளைதான்."

சுதா மேசையில் தாடையை வைத்துப் பார்த்தாள். "அம்மா, அண்ணாக்கு மூக்கு இப்பிடி இல்லை. அண்ணாக்கு என்ர மூக்கு. எல்லாரும் சொல்லுறவை தானே."

"சும்மா இரடி. பெத்தவளுக்குத் தெரியாததை நீ கண்டனியோ?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் சரியென்று சொல்லுவேன் என்று எதிர்பார்த்தாள். அவள் மூக்கு என் கண்ணுக்கு முன்னால் இருந்தது, சிறியது, நடுவில் சற்றுத் தாழ்ந்து நுனியில் அகன்றது. தமையன் இருப்பார், மகள் இருப்பா, அவையின்ர மூக்கைப் பாரும் என்று மாஸ்டர் சொன்னது எனக்கு நினைவில்லாமலில்லை.

"அம்மாக்குத்தானே பிள்ளையைக் கூடுதலாத் தெரியும்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான வசனம் அது. தெரியாமல் நடந்த பிழை என்று சொல்ல முடியாதபடி அதற்கு மேலும் ஒன்று செய்தேன். அவர்கள் போனதும், படத்தை எடுக்கப் பூமணி திரும்பி வருமுன், முன்னறைச் சுவரிலிருந்த மாதிரிப் படத்தைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

ஜமால் நானாவிடம் பிரேமுக்குக் கொடுத்தபோது, "மாலைக்குக் கொளுக்கி வெக்கவா?" என்று கேட்டார். அவர் வீட்டில் ஒரு முகப்படமும் தொங்கவிடமாட்டார், ஆனால் எங்கள் வழக்கமெல்லாம் அவருக்குப் பாடம்.

"வேண்டாம். ஆள் உயிரோடை."

படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "மாஸ்டர், இந்தப் புள்ளைக்கு நான் முந்தியும் பிரேம் போட்டிரிக்கன்."

"சம்பூர்ப் பிள்ளை, நானா. நீங்கள் எங்க கண்டது?"

"அதுதான் நானும் கேக்கன்" என்றார். வாசலுக்கு வந்து எங்கள் முன்னறையின் காலிச் சுவரை ஒருமுறை எட்டிப் பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "ஒரே ஆளுக்கு எத்தின தரந்தான் சட்டம் அடிக்கிற? சரி, வெச்சிட்டுப் போங்க."

பூமணி அந்தப் படத்தைக் கொண்டு போகாத இடமில்லை. பிரதி எடுத்து அலுவலகங்களில் கொடுத்தாள். மற்றத் தாய்மாரோடு வெயிலில் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வழியால் போக நேர்ந்தால் நான் வேறு ஒழுங்கையால் சுற்றிப் போவேன்.

அடுத்த வருடம் ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். முகத்தில் அப்படியொரு தெளிவை நான் அதற்கு முன் கண்டதில்லை. கையில் சுற்றிய தாளில் எள்ளுருண்டை.

"மாஸ்டர், உங்கட கைக்குப் புண்ணியம்" என்றாள். "மூதூரில ஒரு மனுசன், மீன் பிடிக்கிறவர். அந்த ஓட்டத்தில காயப்பட்ட பொடியன் ஒருத்தனைத் தோணியில ஏத்தினவராம். வழியில சீவன் போயிட்டுதாம். தான்தான் கரையில தாட்டதாம். வயசும் உடுப்பும் கேக்க எனக்கு நெஞ்சு நிண்டுபோச்சு. படத்தைக் குடுத்தனான். வடிவாப் பார்த்தார், வெளிச்சத்தில கொண்டுபோயும் பார்த்தார். 'இல்ல புள்ள, இவரு இல்ல. அவருக்கு முகம் வேற' எண்டுட்டார். அது ஆற்ரையோ பிள்ளை, பாவம். என்ர பிள்ளை இருக்கிறான்."

எள்ளுருண்டையை வாங்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றைத் தின்றேன்.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஐரோப்பாவில் எப்போதோ வாழ்ந்த ஒருவனின் முகத்தைப் பார்த்து, இவன் நான் புதைத்தவன் இல்லை என்றார். அவ்வளவுதான். அன்று நான் வாயைத் திறந்திருந்தால் சுதாவைக் கூட்டிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நிறுத்தியிருக்கலாம். அந்த மூக்கைப் பார்த்து அவர் ஏதாவது சொல்லியிருப்பார். ஆமென்றோ இல்லையென்றோ, எதுவானாலும் உண்மையாக இருந்திருக்கும். அவள் சந்தோசத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன் என்று எழுதினால் நீங்கள் என்னை ஓரளவு மன்னிப்பீர்கள். ஆனால் என் பெயரைத்தான் முதலில் நினைத்தேன்.

சில வருடங்களில் ஸ்டூடியோவை விட்டு ஓய்வுபெற்றேன். மூதூர் மனிதரைப் பற்றி ஜமால் நானாவிடம் விசாரித்தது அதற்கும் கன காலத்துக்குப் பிறகு. கொரோனாக் காலத்தில் மௌத்தாகிவிட்டார் என்றார் நானா. மூதூர் ஒரு மணித்தியாலப் பயணம். அவர் உயிரோடிருந்தவரை நான் விசாரிக்கவில்லை.

இந்த வருடம் பங்குனியில் சுதா என் வீட்டுக்கு வந்தாள். இருபத்தேழு வயது, ஓர் அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கிற வேலை. பூமணி காலமாகி இருபது நாள் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"அம்மான்ர முப்பத்தொண்டுக்கு நினைவுமலர் அடிக்கிறம். அண்ணான்ர படமும் போட வேணும் எண்டு அம்மா சொல்லிட்டுத்தான் செத்தவ. படத்தில ஈரக் கறை ஒண்டு. அதை எடுக்கிறதுக்குக் கணினியில போட்டனான்." கைபேசியை என் முன்னால் நீட்டினாள். "இணையத்தில இதைப்போல வேற படம் இருக்கு எண்டு காட்டுது. இது ஆர் ஐயா?"

திரையில் பதினான்காவது தாள். ஐம்பது வருடத்துக்கு மேலாக எனக்குத் தெரியாமலிருந்த பெயர் கீழே இருந்தது. எனக்கு அதை வாசிக்கத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட் தகரம், ஒன்பதாம் புதன், அலுமாரிக்குப் பின்னால் வைத்த படம். பிறகு மூதூர் மனிதர். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அந்த நேரத்திலும் ஒரு எண்ணம் வந்தது. சொன்னேன்.

அவள் கைபேசியை அணைத்து மேசையில் வைத்தாள்.

"அண்டைக்கு எள்ளுருண்டை பிடிச்சவ" என்றாள். "எனக்கு நல்ல நினைவு. அவ்வளவு காலத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அம்மா சிரிச்சவ." பிறகு, "அந்த மனுசன் இப்ப?"

"இல்லை பிள்ளை. மௌத்தாகிட்டார்."

"எங்க தாட்டவர் எண்டு வேற ஆருக்கும்?"

"தெரியாதாம்."

"நான் அண்டைக்குச் சொன்னனான் தானே ஐயா."

"சொன்னீர். நீர் சொன்னதுதான் சரி."

"இப்ப என்னாலையும் சொல்ல ஏலாது. கண்ணை மூடினா உங்கட படம்தான் வருது. அண்ணாக்கு என்ர மூக்கு எண்டு வாய்க்கு ஞாபகமிருக்கு, கண்ணுக்கு இல்லை."

அவள் முகத்தைப் பார்த்து மறுபடி வரைந்து தருகிறேன் என்றேன். சொன்னபோதே வெட்கமாக இருந்தது.

"வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தேநீர் வேண்டாம் என்பதைப்போல் சொன்னாள். "எனக்கு ஒண்டு செய்து தாங்கோ. காணாமற்போனவையைப் பதியிற இடத்தில அண்ணான்ர பதிவுக் கோவையில இந்தப் படம் கிடக்கு. எங்கையாவது ஏதாவது கண்டுபிடிச்சாலும் இதைத்தான் பாப்பினம். நீங்கள் வந்து சொல்ல வேணும்."

அடுத்த நாள் போனோம். என் கையில் ஒரு கடிதம் இருந்தது. இந்தப் படத்தை வரைந்தவன் நான், இது தயாபரனின் முகம் அல்ல, இதைக் கொண்டு யாரும் அவரை அடையாளம் காணவோ மறுக்கவோ கூடாது என்று எழுதியிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் பெண் அதை இரண்டு தடவை வாசித்தாள். நான் ஏதோ தள்ளாத வயதில் குழம்புகிறேன் என்று முதலில் நினைத்தாள் போலிருக்கிறது, சுதாவைப் பார்த்தாள். சுதா தலையாட்டினாள்.

கோவையை எடுத்து வந்து, படத்தை மெதுவாகக் கழற்றினாள். ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. ஒட்டியிருந்த இடம் மட்டும் புதுத் தாளைப்போல வெள்ளையாக இருந்தது.

"மாத்தி வைக்கிறதுக்கு வேற படம் கொண்டந்தனீங்களா அக்கா?"

"இல்லை. படம் இல்லை எண்டு எழுதுங்கோ."

அந்தப் பெண் எழுதினாள். பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பி, திருத்தத்தைச் செய்வித்தவர் படம் இருந்த கட்டத்துக்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும் என்றாள். நாற்பத்தொரு வருடம் முகங்களுக்குக் கீழே வைத்த கையெழுத்து எனக்கு ஒன்றுதான் தெரியும். அதையே வைத்தேன். மேலே வெறும் கட்டம். சுதா குனிந்து, மை காயும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.